ரிக்வுட் ஃபீல்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்ஹாம் நகரத்தின் மேற்குப் பகுதியில் ரிக்வுட் ஃபீல்டு என்றொரு பேஸ்பால் மைதானம் இருக்கிறது. திறந்தது 1910இல். சொந்த அணி அதை விட்டுப் போய் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் மைதானம் நிற்கிறது, ஆட்டமும் நடக்கிறது. 2024 ஜூனில் அங்கே நடந்த பெரிய ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த நண்பர்கள் சிலர் கேட்ட கேள்விகளையும், கேட்டிருக்க வேண்டியவை என்று எனக்குத் தோன்றியவற்றையும் சேர்த்து இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

பேஸ்பாலே எனக்குத் தெரியாது. மைனர் லீக் என்றால் என்ன?

ஆட்டத்தின் விதிகள் தெரியாவிட்டாலும் இதைப் படிக்கலாம். மேலே மேஜர் லீக், அதில் 30 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் கீழே படிப்படியாக வளரும் வீரர்களுக்கான அணிகள் உண்டு. அவை ஆடுவதுதான் மைனர் லீக். வீரர்களுக்குச் சம்பளம் தருவதும், யார் எங்கே ஆடுவது என்று முடிவெடுப்பதும் மேலே உள்ள அணி. மைதானம், டிக்கெட், தின்பண்டம் எல்லாம் உள்ளூர் முதலாளியின் தலையில். மாப்பிள்ளைக்குத் துணி எடுப்பது ஒருவர், மண்டபம் பிடிப்பது இன்னொருவர் என்கிற மாதிரியான ஏற்பாடு. மண்டபம் சரியில்லை என்றால் மாப்பிள்ளை வேறு ஊருக்குப் போய்விடுவார். மைனர் லீக் மைதானங்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

யார் கட்டியது? அந்தப் பெயர் எப்படி வந்தது?

ரிக் வுட்வர்டு என்ற இளம் தொழிலதிபர். பர்மிங்ஹாம் இரும்பும் நிலக்கரியும் பெற்றெடுத்த ஊர். வுட்வர்டு அயர்ன் கம்பெனி அவருடைய குடும்பச் சொத்து. உள்ளூர் அணிக்குப் பெயரே ‘கோல் பேரன்ஸ்’, அதாவது நிலக்கரிப் பிரபுக்கள்; பின்னால் சுருக்கமாகப் பேரன்ஸ். அதற்கு முன் அணி ஆடிக்கொண்டிருந்த இடத்தை மக்கள் ‘கசடு மேட்டு மைதானம்’ என்றுதான் சொன்னார்கள். இரும்பு உருக்கியபின் கொட்டும் கசடு பக்கத்தில் மலைபோலக் குவிந்திருக்கும். டிக்கெட் வாங்காதவர்கள் அதன்மேல் ஏறி நின்று ஆட்டம் பார்ப்பார்கள்.

வுட்வர்டு 1910இல் அணியை வாங்கினார். உடனே சுமார் 12.7 ஏக்கர் நிலத்தில், மரத்தால் அல்ல, இரும்பாலும் கான்கிரீட்டாலும் மைதானம் எழுப்பினார். அந்தக் காலத்தில் மரத்தால் கட்டிய பார்வையாளர் கூடங்கள் தீப்பிடித்து எரிவது சர்வ சாதாரணம். மேஜர் லீக்கிலேயே அப்போதுதான் ஒவ்வொருவராகக் கான்கிரீட்டுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். மைனர் லீக்கில் இப்படிக் கட்டிய முதல் மைதானம் இது என்பார்கள். பிட்ஸ்பர்க்கில் அதற்கு முந்தைய ஆண்டு திறந்திருந்த ஃபோர்ப்ஸ் ஃபீல்டு முன்மாதிரி. ஃபிலடெல்ஃபியா அணியின் பெயர்பெற்ற மேலாளர் கோனி மேக்கிடம் யோசனை கேட்டு ஆடுகளத்தின் அமைப்பை முடிவு செய்தார்கள்.

முதலாளியின் செல்லப்பெயரையும் குடும்பப்பெயரின் ஒரு துண்டையும் ஒட்டினால் ‘ரிக்வுட்’. மனிதருக்குத் தன்னடக்கம் கொஞ்சம் குறைவுதான். 1910 ஆகஸ்ட் 18 அன்று திறப்பு. ஊரில் கடைகளை அடைத்துவிட்டு வந்தார்கள், பத்தாயிரம் பேருக்கு மேல் கூட்டம். வுட்வர்டே அணியின் சீருடையைப் போட்டுக்கொண்டு களத்தில் இறங்கி முதல் பந்தை வீசினார். எதிரணி பக்கத்து நகரமான மான்ட்காமரி. பர்மிங்ஹாம் 3-2 என்று ஜெயித்தது. மான்ட்காமரி என்ற பெயரை மறக்காதீர்கள், கடைசிப் பக்கம் மறுபடி வரும்.

இதுதான் உலகத்திலேயே பழைய பேஸ்பால் மைதானமா?

‘அமெரிக்காவிலேயே மிகப் பழைய தொழில்முறை பேஸ்பால் மைதானம்’ என்று எழுதுவது வழக்கம். பாஸ்டனின் ஃபென்வே பார்க் 1912, சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு 1914. இவை இரண்டையும் ரிக்வுட் முந்துகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அரிசோனாவில் பிஸ்பீ என்ற சுரங்க ஊரில் வாரன் பால்பார்க் 1909இலிருந்தே இருக்கிறது. கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில் உள்ள லபாட் பார்க்கில் 1877இலிருந்து பேஸ்பால் ஆடுகிறார்கள்.

அப்படியானால் யார் மூத்தவர்? நீங்கள் எதை மைதானம் என்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிஸ்பீயில் நிலம் பழையது, ஆனால் முதலில் இருந்த மரக் கூடத்தை எடுத்துவிட்டு 1930களில் புதிதாகக் கட்டினார்கள். ரிக்வுட்டில் 1910இன் கூடம் இன்னும் நிற்கிறது. நிலமா, கட்டடமா, அல்லது இடைவிடாமல் நடக்கும் ஆட்டமா? இந்தக் கேள்வி ரிக்வுட்டுக்குள்ளேயே நம்மை விடாது துரத்தும்.

1910இல் கட்டியபடியே அப்படியே இருக்கிறதா?

இல்லை. படங்களைப் பார்த்தவர்கள் எல்லோரும் தவறாக நினைப்பது இந்த இடத்தில்தான்.

மட்டையடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் கூடத்தின் எலும்புக்கூடு 1910இன் கட்டுமானம். 1920களில் கூரையை வலப்பக்கம் நீட்டினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியும் வெண்ணிற முகப்பு, ஸ்பானிய மிஷன் பாணி வளைவுகளோடு, 1928இல் வந்தது. அதே சமயத்தில் மைதானத்தின் கடைசி எல்லையில் கான்கிரீட்டால் ஒரு சுவர் எழுப்பினார்கள். 1936இல் கூரைமேல் விளக்குக் கோபுரங்கள். அவை களத்தின்மேல் குனிந்து எட்டிப் பார்ப்பது மாதிரி நிற்கும், ரிக்வுட் என்றாலே பலருக்கு ஞாபகம் வருவது அந்தக் கோபுரங்கள்தான். பிற்காலத்தில் கான்கிரீட் சுவருக்கு உள்ளே, ஆட்டக்காரர்களுக்குப் பக்கமாக, மரப்பலகையில் ஒரு வேலி போட்டார்கள். களம் சிறியதானது; பந்தை வேலி தாண்டி அனுப்பும் ஹோம் ரன் அடிப்பது எளிதானது.

ஆக, நாம் ‘பழைய மைதானம்’ என்று ஒரே வார்த்தையில் சொல்வது ஐந்தாறு காலங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது.

அந்தக் கையால் எண் மாட்டும் ஸ்கோர்போர்டாவது பழையதுதானே?

அதுதான் இருப்பதிலேயே புதியவற்றில் ஒன்று. பேஸ்பால் வீரர் டை காப்பின் வாழ்க்கையைப் படமாக்கி 1994இல் வெளியிட்டார்கள். அதற்கான காட்சிகளை இங்கே எடுத்தபோது, பழைய காலத்து ஸ்கோர்போர்டு வேண்டும் என்று படக்குழு கட்டியது அது. மர வேலியில் கையால் எழுதிய மாதிரி தெரியும் பழைய சோடா, சோப்பு வகை விளம்பரங்களும் பழமையின் வேஷம் போட்டவைதான். படப்பிடிப்பு முடிந்தது, செட்டைப் பிரிக்காமல் விட்டுவிட்டுப் போனார்கள், மைதானத்துக்கு ஆயிற்று ஒரு ஸ்கோர்போர்டு. பிறகு வேறு சில பேஸ்பால் படங்களுக்கும் இதே இடம் பயன்பட்டது.

எனக்கு இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பணம் இல்லாத இடத்துக்குச் சினிமா வந்து வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டுப் போனால் வேண்டாம் என்பார்களா? ஆனால் அதன்முன் நின்று படம் எடுத்து, ‘நூறு வருஷத்து ஸ்கோர்போர்டு’ என்று போடுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

பேஸ்பால் தவிர வேறு எதற்காவது பயன்பட்டதா?

ஆரம்ப காலத்தில் அமெரிக்கக் கால்பந்து. அலபாமா பல்கலைக்கழக அணியின் ஆட்டங்கள் பல இங்கேதான் நடந்தன. 1927இல் லீஜன் ஃபீல்டு என்ற பெரிய கால்பந்து அரங்கம் வந்தபின் அவை அங்கே போய்விட்டன. அப்புறம் பள்ளி ஆட்டங்கள், கல்லூரி ஆட்டங்கள், சினிமா. ஆனால் ரிக்வுட்டின் ‘வேறு பயன்’ என்று பேசினால் முதலில் பேச வேண்டியது வேறு ஆட்டத்தை அல்ல, அதே ஆட்டத்தை ஆடிய வேறு மனிதர்களை.

பிளாக் பேரன்ஸ் யார்?

கறுப்பின வீரர்களை வெள்ளையர் லீக்குகளில் சேர்க்காத காலத்தில், அவர்கள் தமக்கென்று நீக்ரோ லீக் என்ற பெயரில் தனி அமைப்புகளை வைத்திருந்தார்கள். பர்மிங்ஹாமின் அணி பிளாக் பேரன்ஸ். 1920களிலிருந்து 1960 வாக்கில் முடியும்வரை அவர்களுடைய வீடு இதே ரிக்வுட்தான். வீடு என்றால் சொந்த வீடு அல்ல, வாடகை வீடு. வெள்ளையர் அணி வெளியூர் போன நாட்களில் இவர்கள் ஆடுவார்கள், வசூலில் ஒரு பங்கு மைதானக்காரருக்குப் போகும். வருஷத்தில் பாதி நாள் காலியாகக் கிடக்க வேண்டிய மைதானத்துக்கு இது நல்ல வருமானம். ‘சேர்ந்து ஆடக்கூடாது’ என்று சொன்ன ஊர், வாடகையை மட்டும் தனியாகப் பிரித்து வைக்கவில்லை.

வெள்ளையர் ஆட்டத்தன்று கறுப்பினத்தவர் வலப்பக்கக் கோடியில், கூரை இல்லாத திறந்த பெஞ்சுகளில் உட்கார வேண்டும். பிளாக் பேரன்ஸ் ஆடும் நாளில் அந்த மூலை வெள்ளையருக்கு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து, போட்ட நல்ல உடுப்போடு குடும்பம் குடும்பமாக நேரே மைதானத்துக்கு வருவார்கள்.

வீரர்கள் எங்கிருந்து வந்தார்கள்? பாதிப்பேர் தொழிற்சாலையிலிருந்து. இரும்பாலைகளும் குழாய்த் தொழிற்சாலைகளும் தங்கள் தொழிலாளர்களுக்கு அணிகள் வைத்திருந்தன; அந்த ஆலை லீக்குகளில் தேறியவர்கள் இங்கே வந்தார்கள். 1920களின் கடைசியில் சாச்சல் பெய்ஜ் இங்கே பந்து வீசினார். 1940களில் மெம்ஃபிஸ் நகரத்தில் ஈமச்சடங்கு நிலையம் நடத்திய டாம் ஹேய்ஸ் அணியின் உரிமையாளர். 1943, 1944, 1948 என மூன்று முறை தங்கள் லீக்கில் முதலிடம்.

1948இல் மேலாளர் பைப்பர் டேவிஸ் ஒரு பையனைச் சேர்த்துக்கொண்டார். பக்கத்துத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன், வயது 17, பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். அப்பாவும் ஆலை லீக்கில் ஆடியவர். பெயர் வில்லி மேய்ஸ். பிற்காலத்தில் பேஸ்பாலின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று எந்தப் பட்டியல் போட்டாலும் முதல் சில இடங்களில் வந்துவிடும் பெயர். அந்த ஆண்டு நீக்ரோ லீக்கின் உலகத் தொடர் இறுதிப் போட்டி, ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிக்கு எதிராக. அதன் மூன்றாவது ஆட்டம் ரிக்வுட்டில். பந்து வீசி வென்றவர் பில் கிரீசன், கடைசி இன்னிங்ஸில் வெற்றி ஓட்டத்தை அடித்துக் கொடுத்தவர் மேய்ஸ். தொடரை என்னவோ 4-1 என்று கிரேஸ்தான் தட்டிக்கொண்டு போனது. நீக்ரோ லீக்கின் உலகத் தொடர் அதற்குப் பிறகு நடக்கவே இல்லை. கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் 1947இல் மேஜர் லீக்கில் நுழைந்திருந்தார்; நல்ல வீரர்கள் ஒவ்வொருவராக அங்கே போக, இங்கே கூட்டம் கரைந்தது. கதவு திறந்தது நியாயம்தான். ஆனால் அந்தக் கதவு வழியே காற்று போய் அணையும் விளக்காகப் பிளாக் பேரன்ஸ் ஆனது.

1960களில் சில ஆண்டுகள் மைதானம் காலியாகக் கிடந்ததாமே, ஏன்?

பர்மிங்ஹாம் நகராட்சியில் ஒரு விதி இருந்தது. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து சீட்டு, டொமினோ, செக்கர்ஸ் ஆடக்கூடாது. பேஸ்பால், கால்பந்து, கூடைப்பந்தும் கூடாது. ‘செக்கர்ஸ் விதி’ என்றே ஊரில் பேர். பலகை வைத்துக் காய் நகர்த்துவதைக்கூடச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். 1954இல் நகராட்சி இதைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தது. அதே ஆண்டு வாக்கெடுப்பு வைத்து ஊர்க்காரர்கள் பழையபடி இறுக்கிவிட்டார்கள்.

மேஜர் லீக் அணிகளிலோ அப்போது கறுப்பின வீரர்கள் இருந்தார்கள். தங்கள் இளம் வீரர்களை ஆடவிடாத ஊருக்கு அவர்கள் ஏன் அணி அனுப்ப வேண்டும்? பேரன்ஸ் ஆடிய சதர்ன் அசோசியேஷன் என்ற லீக் கடைசிவரை பிடிவாதமாக இருந்து, 1961 பருவத்தோடு கலைந்தே போனது. அடுத்த இரண்டு ஆண்டுகள் ரிக்வுட்டில் தொழில்முறை ஆட்டமே கிடையாது. 1964இல் புதிய லீக்கில், கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த அணியாகப் பேரன்ஸ் திரும்பி வந்தது.

இன்னொரு விஷயம். 1963இல் ஊர்வலம் போன கறுப்பினச் சிறுவர்கள்மேல் நாய்களையும் தீயணைப்புக் குழாய்களையும் ஏவிய நகர ஆணையர் ‘புல்’ கானர் பெயரைக் கேட்டிருப்பீர்கள். அரசியலுக்கு வருமுன் அவருக்கு ஊரெல்லாம் பேர் வாங்கிக் கொடுத்தது பேரன்ஸ் ஆட்டங்களுக்கு அவர் செய்த வானொலி வர்ணனை. வெளியூர் ஆட்டங்களைத் தந்தியில் வரும் துண்டுச் செய்திகளை வைத்துக்கொண்டு, நேரில் பார்ப்பது போலவே சொல்லுவாராம். பேஸ்பால் ஊரை ஒன்று சேர்க்கும் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு இந்த ஆள் ஞாபகத்துக்கு வந்துவிடுவார்.

ரெஜி ஜாக்சன் 2024இல் ஏதோ கோபமாகப் பேசினாரே?

கோபம் என்பதைவிட, மனதில் கிடந்தது வெளியே வந்தது என்று சொல்லலாம். 1967இல் சார்லி ஃபின்லி என்பவர் தன் மேஜர் லீக் அணியின் கிளை அணியை இங்கே வைத்தார். ஃபின்லி இந்தப் பகுதியில் பிறந்தவர், சிறுவயதில் இதே மைதானத்தில் மட்டைகளை எடுத்துக் கொடுக்கும் பையனாக இருந்தவர். ‘பர்மிங்ஹாம் ஏஸ்’ என்ற அந்த அணியில் 1967இல் ஆடிய இளைஞர் ரெஜி ஜாக்சன். சட்டம் மாறியிருந்தது, ஊர் மாறியிருக்கவில்லை. உணவகத்தில் இடம் தரமாட்டார்கள், விடுதியில் அறை தரமாட்டார்கள். மேலாளரும் சக வீரர்கள் சிலரும் கூடவே நின்றதால்தான் தாக்குப்பிடித்தேன் என்று 2024 ஒளிபரப்பில் சொன்னார். கொண்டாட்ட நிகழ்ச்சியில் அவர் அதை அப்படியே, பூசி மெழுகாமல் சொன்னது பலருக்கு அதிர்ச்சி. ஒரு பழைய மைதானத்துக்குப் புது வர்ணம் அடித்து விழா எடுக்கும்போது, அங்கே ஆடியவர் வந்து நின்று அது எப்படி இருந்தது என்று சொல்வதும் விழாவின் பகுதிதான் என்பது என் எண்ணம்.

பேரன்ஸ் ஏன் விட்டுப் போனது?

ஃபின்லியின் அணி 1975 வரை இருந்தது. 1976 முதல் 1980 வரை மறுபடி காலி. 1981இல் பேரன்ஸ் என்ற பெயர் திரும்பியது. 1987இல் லீக் பட்டத்தையும் வென்றது. பட்டம் வாங்கிய கையோடு மூட்டை கட்டி, அடுத்த ஆண்டு ஹூவர் என்ற புறநகரில் கட்டிய புது அரங்கத்துக்குக் குடிபோனது. 1994இல் கூடைப்பந்தை விட்டுவிட்டு வந்த மைக்கேல் ஜோர்டன் பேரன்ஸுக்கு ஆடினாரே, அது ஹூவரில். ரிக்வுட்டில் என்று பலர் தவறாக எழுதுகிறார்கள். 2013இல் அணி ஹூவரையும் விட்டு, நகர மையத்தில் ரீஜன்ஸ் ஃபீல்டு என்ற இன்னும் புதிய இடத்துக்கு வந்துவிட்டது. ரிக்வுட்டை ‘பழசு’ என்று விட்டுப் போய்ச் சேர்ந்த இடம் 25 வருஷத்திலேயே அவர்களுக்குப் பழசாகிவிட்டது!

காரணம் பெரும்பாலும் ஒன்றேதான்: உடைமாற்றும் அறை சின்னது, கார் நிறுத்த இடம் போதாது, பணக்கார ரசிகருக்குத் தனி அறை இல்லை. 2021இல் மைனர் லீக்கை மேஜர் லீக் நேரடியாகத் தன் கைக்குள் எடுத்து, அணிகளை 120 ஆகக் குறைத்தபோது இந்த எதிர்பார்ப்புகள் எழுதிவைத்த நிபந்தனைகளாகவே ஆயின. விளக்கு வெளிச்சம், பயிற்சிக் கூண்டு, பெண் ஊழியர்களுக்குத் தனி உடைமாற்றும் அறை என்று எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. பெண்களுக்கான அறை போன்றவை வரவேண்டியதுதான், காலம் கடந்து வந்தவை. ஆனால் செலவு பெரும்பாலும் நகராட்சியின் மேல் விழுகிறது.

அணி போனபின் இடிக்காமல் விட்டது எப்படி?

இரண்டு காரணம் சொல்வேன். ஒன்று, இடிக்கும் அளவுக்கு யாருக்கும் அந்த நிலம் தேவைப்படவில்லை. ஊரின் பணம் புறநகர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மேற்குப் பகுதியில் மனை வாங்கி அடுக்குமாடி கட்ட யாரும் வரிசையில் நிற்கவில்லை. இது என் ஊகம்தான், ஆனால் பழைய கட்டடங்கள் பிழைப்பது பெரும்பாலும் அன்பினால் அல்ல, அலட்சியத்தினால்.

இரண்டாவது, ‘ஃபிரெண்ட்ஸ் ஆஃப் ரிக்வுட்’ என்று ஒரு குழு. 1992இல் உள்ளூர் ஆர்வலர்கள் சேர்ந்து தொடங்கினார்கள், நகராட்சியிடமிருந்து மைதானத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். 1993இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ரிக்வுட் சேர்ந்தது. கூரை, வர்ணம், துருப்பிடித்த தூண் என்று கையில் காசு வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 1996இலிருந்து, இடையில் விட்டுப்போன சில ஆண்டுகள் தவிர, ‘ரிக்வுட் கிளாசிக்’ என்று ஆண்டுக்கு ஒரு நாள் பேரன்ஸ் இங்கே வந்து, பழைய காலத்துச் சீருடை போட்டு, தன் லீக் ஆட்டம் ஒன்றை ஆடும். கண்காட்சி ஆட்டம் இல்லை, புள்ளிப் பட்டியலில் சேரும் ஆட்டம். கல்யாணமாகிப் போன பெண் வருஷத்துக்கு ஒருமுறை பிறந்த வீட்டுக்கு வருவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் நகரத்துப் பள்ளிகள், மைல்ஸ் கல்லூரி அணி, சிறுவர் போட்டிகள். காசு அதிகம் இல்லை, ஆனால் புல் வெட்டுவது நிற்கவில்லை.

2023-24இல் என்ன வேலை செய்தார்கள்?

மேஜர் லீக் தன் வழக்கமான பருவத்து ஆட்டம் ஒன்றை 2024 ஜூன் 20 அன்று இங்கே நடத்துவதாக அறிவித்தது. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸும் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸும். பள்ளிப் பையன்கள் ஆடும் களத்தில் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் வீரர்களை இறக்கினால் முழங்கால் என்னாவது? அதனால் பெரும்பாலான வேலை நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தரைக்குள்ளே. பழைய களத்தை முழுதாக வழித்தெடுத்துவிட்டு, வடிகால் போட்டு, மட்டம் பார்த்து, புதிய புல்தரை விரித்தார்கள். வேலிக்கு மெத்தை வைத்தார்கள். வீரர்கள் உட்காரும் டக்அவுட்டுகளைப் புதிதாகக் கட்டினார்கள். பார்வையாளரைப் பந்திலிருந்து காக்கும் வலையை நீட்டினார்கள். உடைமாற்றும் அறைகள்? பழைய அறைகளில் இப்போதைய அணி அடங்காது. அதற்கு வெளியே தற்காலிகக் கூடங்கள் போட்டு, முடிந்ததும் எடுத்துவிட்டார்கள்.

கூடம், கூரை, கோபுரம் இவற்றின்மேல் கைவைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். அது சரியான முடிவு.

களமே புதிது என்றால் அது இன்னும் பழைய மைதானம்தானா?

இதை நான் பலநாள் யோசித்திருக்கிறேன். அமெரிக்காவில் பாரம்பரியக் கட்டடங்களைக் கையாள அரசு வகுத்த நெறிகளில் நான்கு வழிகள் உண்டு: இருப்பதை இருக்கிறபடி காப்பது, புதிய பயனுக்கு ஏற்பச் சீர்செய்வது, ஒரு குறிப்பிட்ட காலத்துத் தோற்றத்துக்குத் திருப்பிக் கொண்டுபோவது, இல்லாமல் போனதை மறுபடி கட்டுவது. ரிக்வுட்டில் நான்கும் நடந்திருக்கிறது. 1910இன் இரும்புத் தூண் முதல் வகை, டக்அவுட் இரண்டாவது, விளம்பர வேலி மூன்றாவது, ஸ்கோர்போர்டு நான்காவது.

புல்லைப் பற்றி மட்டும் எனக்குக் கவலை இல்லை. ஆடுகளம் என்பது அரிவாளும் தண்ணீரும் படும் நிலம். வயலில் நேற்று நட்ட நாற்று இருப்பதால் வயல் புதிதாகிவிடாது. என் கவலை வேறு. எந்தக் காலத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிறோம் என்ற கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. ‘நாற்பதுகளின் அழகு’ என்று விளம்பரப் பலகையைத் தீட்டுகிறோம். நாற்பதுகளில் வலப்பக்க மூலையில் யார் உட்கார்ந்தார்கள் என்பதைத் தீட்டுவதில்லை. அந்தத் திறந்த பெஞ்சுகள் எங்கே இருந்தன என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

2024 ஜூன் ஆட்டம் எப்படி நடந்தது?

அந்த வாரத்தின் முதல் ஆட்டம் 18ஆம் தேதி, மைனர் லீக் ஆட்டம். பேரன்ஸ் ஆடியது மான்ட்காமரியோடு, 1910இன் அதே ஊரோடு. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே வில்லி மேய்ஸ் காலமான செய்தி வந்தது; வயது 93. உடல்நிலையால் விழாவுக்கு வர முடியாது என்று அதற்கு முந்தைய நாள்தான் தெரிவித்திருந்தார். ஒலிபெருக்கியில் அறிவித்ததும் கூட்டம் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது. அவர் பதினேழு வயதில் ஓடிப் பந்து பிடித்த களம் அது.

இரண்டு நாள் கழித்து மேஜர் லீக் ஆட்டம். கார்டினல்ஸ் 6, ஜயன்ட்ஸ் 5. 8,332 பேர் பார்த்தார்கள். ஐந்து நடுவர்களும் கறுப்பினத்தவர், மேஜர் லீக் வரலாற்றில் இப்படி நடந்தது முதல் தடவை. 1948இல் மேய்ஸோடு சேர்ந்து வென்ற பில் கிரீசன், அப்போது 99 வயதுப் பாதிரியார், வந்திருந்தார். ஒளிபரப்பில் சிறிது நேரத்தைப் பழைய காலத் தொலைக்காட்சி போலக் கறுப்பு வெள்ளையில் காட்டினார்கள். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகப் பட்டது. இதற்குச் சில வாரங்கள் முன்புதான் நீக்ரோ லீக் புள்ளிவிவரங்களை மேஜர் லீக் தன் அதிகாரபூர்வ ஏட்டில் சேர்த்தது. நீக்ரோ லீக் வீரர் ஜாஷ் கிப்சனின் .372 என்ற மட்டையடிச் சராசரி இப்போது அந்த ஏட்டின் உச்சியில் இருக்கிறது.

அணி விட்டுப் போன மற்ற மைனர் லீக் மைதானங்கள் என்னாயின?

விதவிதமாக. இந்தியானாபொலிஸ் நகரின் புஷ் ஸ்டேடியம் கதையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். 1931இல் திறந்தது. அதன் வேலிமேல் படர்ந்த ஐவிக் கொடியைப் பார்த்துத்தான் சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் கொடி வளர்க்கும் யோசனை வந்தது என்பார்கள். 1996இல் அணி போனது. பிறகு களத்தைச் சுற்றி மண் ஓடுபாதை போட்டுச் சின்ன ரேஸ் கார்களை ஓடவிட்டார்கள். அதுவும் ஓயவே, பழைய காரைக் கொடுத்தால் புதுக் காருக்கு அரசு சலுகை தரும் 2009ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஒப்படைத்த கார்களை நிறுத்தும் கொட்டகையானது. கடைசியில் 2013இல் அதே கூடத்துக்குள் அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள், 138 வீடுகள். முகப்பு அப்படியே இருக்கிறது, முற்றத்தில் பழைய உள்களத்தின் வடிவம் தெரிகிறது. ஒருவருடைய சமையலறை ஒரு காலத்தில் ரசிகர்கள் கத்திய இடம்.

வட கரோலினாவில் டர்ஹம் நகரத்துப் பழைய மைதானத்தைப் புதுப்பித்துக் கல்லூரி அணிக்குக் கொடுத்தார்கள். ரோட் தீவு மாநிலத்தில் பாடக்கெட் நகரின் மெக்காய் ஸ்டேடியத்துக்கு அந்த யோகம் இல்லை. 1981இல் 33 இன்னிங்ஸ் நீண்ட, தொழில்முறை பேஸ்பாலின் மிக நீண்ட ஆட்டம் நடந்தது அங்கே. 2020இல் பெருந்தொற்றால் பருவமே ரத்தானபோது புல்தரையில் மேசை போட்டு ஊர்க்காரர்களுக்குச் சாப்பாடு பரிமாறினார்கள். அதோடு அணி வேறு மாநிலத்துக்குப் போனது, இடத்தை உயர்நிலைப் பள்ளிக்கு ஒதுக்கிவிட்டார்கள்.

ரிக்வுட்டுக்குப் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

ஸ்கோர்போர்டின் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. அப்புறம் மர வேலிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். 1928இன் கான்கிரீட் சுவர் யாரும் தீட்டாமல், யாரும் படமெடுக்காமல் அங்கே நிற்கிறது. மையப் பக்கத்தில் அதன்மேல் பெருக்கல் குறி மாதிரி ஓர் அடையாளம் இருக்கும். 1948இல் பேரன்ஸ் வீரர் வால்ட் டிராப்போ அடித்த பந்து வந்து மோதிய இடம் அது. அங்கிருந்து திரும்பி ஹோம் பிளேட்டைப் பார்த்தால், எவ்வளவு தூரம் என்று தெரியும்.